ஏழு வாய்தா, ஏழு கோடு

காலை ஒன்பதே காலுக்கு, இன்னும் விளக்குக்கூடப் போடாத நீதிமன்ற அறையில், சாட்சி நாற்காலியில் உட்கார்ந்து தட்டியக்கா கூன் போட்டுக்கொண்டிருக்கிறார். முதலில் முதுகை வளைக்கிறார். போதவில்லை. இடுப்பை முன்னால் தள்ளி, நாற்காலியிலிருந்து வழிந்துவிடுவாரோ என்கிற அளவுக்குச் சரிகிறார். எதிரே நிற்கும் மரத்தட்டியின் பின்பக்கத்தில் ஒரு சாக்பீஸ் கோடு. அதற்கு நேராகக் கண் வந்ததும் அப்படியே நின்று வலது, இடது, மேல், கீழ் பார்க்கிறார். தட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும் குற்றவாளிக் கூண்டின் ஒரு கம்பிகூடக் கண்ணில் படக் கூடாது. பட்டால் எழுந்து, தட்டியை இரண்டு விரற்கடை நகர்த்தி, "ஐயோ என் முட்டி" என்று முனகிவிட்டு மறுபடியும் உட்கார்ந்து சரிவார். ஐம்பத்தாறு வயதில் ஒரு நாளைக்கு நாலு தடவை இப்படிச் செய்தால் முட்டி வலிக்காமல் பாட்டா பாடும்?

பதவிப் பெயர் அலுவலக உதவியாளர். பிள்ளைகளிடம் தகாத முறையில் நடந்துகொண்டவர்கள் மேல் வரும் வழக்குகளுக்கென்றே இருக்கும் நீதிமன்றம் அது. சாட்சி சொல்லும் பிள்ளையின் கண்ணில் குற்றம் சாட்டப்பட்டவர் படக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டம் இந்த ஊரில் மூன்று மடிப்புள்ள ஒரு மரத்தட்டியாக வந்து சேர்ந்திருக்கிறது. முன்பக்கம் பச்சைத் துணி, பின்பக்கம் ஒட்டுப்பலகை, உயரம் நாலடி. "ஆறடி கேட்டு எழுதினாங்க. நாலடிதான் வந்துச்சு. மிச்ச ரெண்டடி எந்தப் புண்ணியவான் வீட்டு அலமாரிக்குப் போச்சோ" என்பார் அக்கா. தட்டியை இவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எந்த உத்தரவும் கிடையாது. வேறு யாரும் பார்த்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பிள்ளைகள் தனி அறையில் உட்கார்ந்து, காமிரா வழியாகவே சாட்சி சொல்ல வசதி செய்யவில்லையா என்று கேட்கலாம். செய்தார்களே! சுவரில் ஒட்டகச்சிவிங்கி வரைந்து, நாடா கட்டி, கத்தரிக்கோலால் வெட்டித் திறந்துவைத்தார்கள். ஒரே ஒரு ஒயர் மட்டும் வரவில்லை. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று மூன்று வருடம் ஓடிவிட்டது. இப்போது அந்த அறையில் பழுதான பிரின்டர்கள் அடுக்கியிருக்கின்றன. ஒட்டகச்சிவிங்கி அவற்றுக்குக் காவல்.

அக்காவின் கூனுக்குப் பின்னால் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. பதினோரு வருடத்துக்கு முன், வேலைக்குப் புதிது. நின்றபடியே பார்த்து, "சரியா இருக்கு" என்று தட்டியை வைத்துவிட்டார். சாட்சி சொல்ல வந்த பிள்ளைக்கு ஐந்து வயது. இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு இடுக்கு. நிற்கிற பெரியவர் கண்ணுக்கு அது தெரியாது. உட்கார்ந்திருக்கும் ஐந்து வயதுக்கு அது ஜன்னல். பிள்ளை அந்த வழியாகப் பார்த்தது, அப்புறம் வாயே திறக்கவில்லை. "சாட்சி எதுவும் கூறவில்லை" என்று தட்டச்சு செய்தார்கள். கூண்டில் நின்றவன் வீட்டுக்குப் போய்விட்டான். அக்காவை யாரும் குறை சொல்லவில்லை, யாருக்கும் காரணமே தெரியாது. மறுநாள் காலை அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்து, குனிந்து பார்த்தபோதுதான் அக்காவுக்கே தெரிந்தது. அன்றைக்கு இடுக்கை மூடி ஒட்டிய கறுப்பு டேப்பை இன்றுவரை மாதம் ஒருமுறை மாற்றுகிறார்.

"பெரியவங்க கண்ணு நேராப் போகும். பிள்ளைங்க கண்ணு கீழதான் போகும். பேச்சு வரலைன்னா தரையைத்தான் பாக்கும்" என்பது அவர் கற்றுக்கொண்ட பாடம். பிள்ளை வந்த உடனே, அறை கூடுவதற்கு முன்னால், அதை நாற்காலியில் உட்காரவைத்து, கண் மட்டத்தைத் தட்டியின் பின்பக்கத்தில் கோடாகப் போட்டுக்கொள்வார். பெயர் எழுதக் கூடாது. எழுதினால் வேலை போய்விடும். அதனால் பக்கத்தில் ஒரு படம். ஒரு பிள்ளைக்குக் குடை, ஒன்றுக்குச் சீப்பு, ஒன்றுக்கு மீன். அடுத்த வாய்தாவுக்கு வரும்போது இன்னொரு கோடு. சாட்சியம் முடிந்த அன்றைக்குத்தான் ஈரத்துணியால் துடைப்பார். துடைக்காமல் நிற்கும் படங்கள் மட்டும் பதினான்கு. குடைக்கு மூன்று கோடுகள், அப்புறம் அந்தக் குடும்பமே இடம் மாறிப் போய்விட்டது. சீப்புக்கு ஐந்து. ஐந்துக்கு அப்புறம் வீட்டுப் பெரியவர்கள் கூடிப் 'பேசி முடித்துவிட்டார்கள்'. பேச வேண்டிய பிள்ளையைத் தவிர எல்லோரும் பேசியிருப்பார்கள் போலும். அந்தக் கோடுகளை அக்கா தொடுவதில்லை.

அன்பே உருவான ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். பிள்ளைகளைக் கொஞ்ச மாட்டார், கன்னத்தைக் கிள்ள மாட்டார், 'பயப்படாதே கண்ணு' என்று சொல்லவே மாட்டார். "பயப்படாதேன்னு சொன்னா, பயப்பட ஏதோ இருக்குன்னு அதுக்குத் தெரிஞ்சு போயிடும்." அவர் கேட்பது இரண்டே கேள்வி. "சாப்பிட்டியா? ஒண்ணுக்குப் போயிட்டு வந்தியா?" வக்கீல்களையும் இதே குரலில்தான் கேட்பாரோ என்று ஒரு பயம் அந்தக் கட்டடத்தில் உண்டு. வீட்டில் அவர் கணவர், ஓய்வுபெற்ற பஸ் டிக்கெட் பரிசோதகர், இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் ஒரு சொல்லை அடியோடு விட்டுவிட்டார். 'நாளைக்கு' என்ற சொல். ஒரு தடவை குழாய் ஒழுகுவதைப் பற்றி "நாளைக்குப் பாத்துக்கலாமே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டார். "இப்பல்லாம் 'சூரியன் ஒரு சுத்து சுத்தி வந்ததும்'னு சொல்றேங்க" என்கிறார் பாவம்.

இனி கொசுவின் கதைக்கு வருவோம். கொசு என்பது அக்கா வைத்த பெயர், வரைந்த படமும் அதுதான். முதல் வாய்தாவுக்கு அம்மா, அப்பாவோடு வந்தபோது கொசுவுக்கு ஆறு வயது. கால் தரையில் எட்டவில்லை, குரலும் காதோரம் ரீங்காரம் மாதிரிதான் கேட்டது. கூண்டில் நின்றது அவளுடைய சித்தப்பா, ஒரே வீட்டில் இருந்தவர். மூன்றாவது வாய்தாவுக்கு அப்புறம் அப்பா வருவதை நிறுத்திவிட்டார். "என் தம்பியை நானே எப்படிக் கூண்டுல பாக்கறது?" என்று கேட்டாராம். மகளை நாற்காலியில் பார்ப்பது மட்டும் எளிதா என்று கேட்க அங்கே ஆள் இல்லை. அதற்கப்புறம் அம்மாவும் பெண்ணும் மட்டும்தான் வந்தார்கள்.

அவள் சாட்சியம் ஏன் நாலு வருடம் தள்ளிப்போனது என்று கேட்டால் அக்காவுக்குத் தலைக்கு மேல் கோபம் வரும். முதல் தடவை எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல். சரி, மனுஷன்தானே. இரண்டாவது தடவை நீதிபதி பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தார். வகுப்பு எதைப் பற்றி என்றால், பிள்ளைகள் வழக்கைச் சீக்கிரம் முடிப்பது எப்படி என்பதைப் பற்றி! மூன்றாவது தடவை காவல் நிலையத்துக் கோப்பு வந்து சேரவில்லை. நாலாவது தடவை கொசு கழிவறையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்ட குரலுக்கு ஆள் இல்லை என்று "சாட்சி ஆஜராகவில்லை" என எழுதிவிட்டார்கள். அக்கா மூச்சிரைக்க ஓடிவந்து கிளார்க் காதில் சொன்னபோது, எழுதியது எழுதியதுதானாம். ஐந்துக்கும் ஆறுக்கும் என்ன காரணம் என்று அக்காவுக்கே மறந்துவிட்டது. நடுவில் நீதிபதிகள் இரண்டு பேர் மாறினார்கள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளை நாலு நாள் தூங்காமல், சொல்ல வேண்டியதைத் தொண்டைவரை கொண்டுவந்து, அப்படியே விழுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிற்று. தட்டியின் பின்பக்கம் கொசுவுக்கு மட்டும் ஆறு கோடுகள், ஏணிப்படி மாதிரி.

போன மாதம் ஏழாவது வாய்தா. ஒன்பது மணிக்கு அக்கா அறைக் கதவைத் திறந்தால் தட்டியைக் காணோம். சாட்சி நாற்காலி இருக்கிறது, கூண்டு இருக்கிறது, நடுவில் வெறும் தரை. வேலை பார்த்த பதினோரு வருடத்தில் எதெதுவோ காணாமல் போயிருக்கிறது. தட்டி போனதில்லை.

பதறிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தால், கொசுவும் அம்மாவும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். கொசுவுக்கு இப்போது பத்து வயது. கொசு கொக்காக வளர்ந்துவிட்டது. கையும் காலும் எங்கே வைப்பது என்று தெரியாத உயரம்.

"சாப்பிட்டியா? ஒண்ணுக்குப் போயிட்டு வந்தியா?"

"ம்" என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆன்ட்டி, இன்னிக்கும் இல்லைன்னா இனிமே நான் வர மாட்டேன். அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்."

அம்மா மகளைத் திட்டவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. "நானும் எத்தனை தடவைதான் இழுத்துட்டு வர்றது அக்கா? எனக்கே மனசு வரலை" என்றாள். வேறு சாட்சி கிடையாது. இந்தப் பிள்ளை சொன்னால்தான் வழக்கு, சொல்லாவிட்டால் அந்த ஆள் நேராக அதே வீட்டு வாசல்படிக்குப் போவான். அக்காவுக்கு அது தெரியும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

பெஞ்ச் கிளார்க், அக்கா 'தம்பி' என்று கூப்பிடும் இளைஞர், வந்ததும் தலையைச் சொறிந்தார். "அக்கா, நேத்து சாயங்காலம் மேல் மாடியில ரிட்டையர்மென்ட் பார்ட்டி. போட்டோவுக்குப் பின்னால வைக்க ஏதாவது வேணும்னாங்க. பச்சைத் துணி நல்லா இருக்கும்னு..."

"யாரு எடுத்துக் குடுத்தது?"

தம்பி மறுபடியும் தலையைச் சொறிந்தார். அதுவே பதில்.

முட்டியை மறந்து இரண்டு மாடி ஏறினார் அக்கா. பெரிய கூடத்தில் தட்டி ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது. பச்சைத் துணி முழுக்க ஜிகினா எழுத்தில் 'வாழ்க வளமுடன்'. பின்பக்கம் பிரிவுக் கண்காணிப்பாளர், நல்ல மனிதர், கையில் சொட்டச் சொட்ட ஈரத்துணியோடு நின்றிருந்தார். "யாரோ பசங்க கிறுக்கி வெச்சிருக்காங்கம்மா. துடைச்சே குடுத்துடலாம்னு பாத்தேன்."

"கை வெச்சீங்க, நல்லா இருக்காது சொல்லிட்டேன்!"

மனிதர் துணியைக் கீழேயே போட்டுவிட்டார். "இன்னும் குரூப் போட்டோ ஒண்ணு பாக்கி இருக்கு. மத்தியானம் எடுத்துக்கயேன்" என்று மெதுவாகக் கேட்டார்.

"மத்தியானத்துக்குள்ள ஒரு பிள்ளை வீட்டுக்குப் போயிடும் சார். நீங்க சுவரு முன்னாடி நின்னு எடுத்துக்கங்க. சுவரும் பச்சைதான்." கீழே கிடந்த ஈரத்துணியையும் பிடுங்கிக்கொண்டார். அக்கா ஒரு முனை, தம்பி ஒரு முனை என்று தட்டி படியிறங்கியது. ஜிகினா எழுத்துகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டே வந்தன.

பத்தேகாலுக்குக் கொசுவை நாற்காலியில் உட்காரவைத்து ஏழாவது கோட்டைப் போட்டார். முதல் கோட்டுக்கும் இதற்கும் ஆறு விரற்கடை. அவளை வெளியே அனுப்பிவிட்டு, வழக்கம்போல உட்கார்ந்து பார்த்தார். இந்தத் தடவை அவ்வளவாகக் கூன் போடவே வேண்டியிருக்கவில்லை. தட்டியின் விளிம்புக்கு மேலே கூண்டு பளிச்சென்று தெரிந்தது. அதில் ஆள் வந்து நின்றால் நெற்றியும் கண்ணும் அப்படியே தெரியும். நாலடித் தட்டி ஆறு வயதுக்குப் போதுமானதாக இருந்தது. சட்டம் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் பிள்ளை வளர்ந்துவிட்டது. இவர்கள் தேதி கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், எலும்பு என்ன வாய்தா கேட்டுக்கொண்டா வளரும்?

நீதிபதி வந்து அமர்ந்தார். இந்த வழக்கைப் பார்க்கும் மூன்றாவது நீதிபதி, விதி என்றால் விதி என்கிற ஆள். கூண்டில் சித்தப்பா வந்து நின்றார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து தட்டியைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"ஐயா, தட்டியோட உயரம் பத்தலை. சாட்சி சின்னப் பிள்ளை. அதோட மனநிலையை நாம யோசிக்கணும் இல்லீங்களா? பிள்ளையோட நலன் கருதி வேற ஒரு தேதி..."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்! இதில் கொடுமை என்னவென்றால், சொன்னது அத்தனையும் சரி. உயரம் பற்றாதுதான். அரசுத் தரப்பு வக்கீல் அம்மா எழுந்தார், தட்டியைப் பார்த்தார், மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். நீதிபதி நாட்காட்டியின் பக்கத்தைப் புரட்ட ஆரம்பித்தார்.

அலுவலக உதவியாளர் நீதிமன்றம் நடக்கும்போது வாய் திறக்கக் கூடாது. பதினோரு வருடமாகத் திறந்ததில்லை.

"ஐயா, ரெண்டு நிமிஷம்" என்றார் தட்டியக்கா.

அறையே திரும்பிப் பார்த்தது. அக்கா யாரையும் பார்க்கவில்லை. நேராகச் சுவரோரம் போனார். அங்கே நிலுவையில் கிடக்கும் வழக்குக் கட்டுகள் நூல் கட்டி, தூசி படிந்து, இடுப்பளவுக்கு அடுக்கியிருந்தன. தடிமனானதாகப் பார்த்து ஒன்றைத் தூக்கினார்.

"அக்கா, அதெல்லாம் ஆவணம்!" என்று தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

"இத்தனை வருஷமாத் தூங்கிட்டுத்தானே கிடக்குது. இன்னிக்கு ஒரு நாள் வேலை பாக்கட்டும். தட்டியைத் தூக்குப்பா."

தட்டியின் கால்களுக்குக் கீழே ஒவ்வொன்றாகக் கட்டுகள் போயின. தட்டி ஆறு விரற்கடை உயர்ந்தது. அக்கா நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்று, "ஐயா, நான் சொன்னா நம்ப வேண்டாம். நீங்களே உக்காந்து பாத்துடுங்க" என்றார்.

நீதிபதி நாட்காட்டியை மூடினார். பிறகு மேடையிலிருந்து இறங்கினார். அங்கியைச் சுருட்டிக்கொண்டு சாட்சி நாற்காலியில் உட்கார்ந்தார். தட்டி உயர்ந்ததில், முதல் கோடு இப்போது ஏழாவது கோடு இருந்த மட்டத்துக்கு வந்திருந்தது. அக்கா அதைக் காட்டினார். "இந்த மட்டத்துக்கு வரணும் ஐயா. இன்னும் கொஞ்சம் குனியணும். இன்னும்." அவ்வளவு பெரிய மனிதர் முதுகை வளைத்துச் சரிந்து, கோட்டுக்கு நேராகக் கண்ணைக் கொண்டுவந்தார். தட்டியின் விளிம்பைப் பார்த்தார். அந்தக் கோட்டுக்கு மேலே இருந்த மற்ற ஆறு கோடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதற்காக என்று கேட்கவில்லை. கடைசியில் தலை தானாகத் தரைப்பக்கம் தாழ்ந்தது.

"கீழ இடைவெளி இருக்கு. செருப்பு தெரியுது" என்றார்.

"தெரியக் கூடாது ஐயா. அந்தப் பிள்ளை செருப்பை வெச்சே ஆளைக் கண்டுபிடிச்சுடும். ஒரே வீட்டுல இருந்தது."

இன்னும் எட்டுக் கட்டுகள் வந்தன. தட்டியின் அடியில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இடைவெளி இல்லாமல் அடுக்கியாயிற்று. அந்தக் கட்டுகள் அதுவரை யாருக்கும் செய்த உபயோகம் அது ஒன்றாகத்தான் இருக்கும். நீதிபதி மறுபடியும் சரிந்து பார்த்தார். எழுந்து, அங்கியை உதறிக்கொண்டு மேடை ஏறினார்.

"சாட்சியைக் கூப்பிடுங்க."

கதவைச் சாத்தினார்கள். இந்த வழக்குகள் மூடிய அறையில்தான் நடக்கும். அக்காவின் இடம் வெளியே, கதவருகில் ஒரு முக்காலி. அன்றைக்கு அதில் உட்காரவில்லை. கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று கேட்காது, கேட்கவும் மாட்டார். குரல் வருகிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். முதலில் வரவில்லை. ரொம்ப நேரம் வரவில்லை. அக்கா கையிலிருந்த ஈரத்துணியை முறுக்கிக்கொண்டே இருந்தார். அப்புறம் ரீங்காரம் மாதிரி ஒன்று கேட்டது. நின்றது. மறுபடியும் கேட்டது. அதற்குப் பிறகு அது நிற்கவில்லை. அக்கா கதவைப் பார்த்துத் திரும்பாமலேயே துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு மணிக்குத் தம்பி தலையை நீட்டினார். "குறுக்கு விசாரணையை இன்னொரு நாளைக்கு வெச்சுக்கலாம்னு எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டாரு அக்கா."

"ஐயா என்ன சொன்னாரு?"

"சாப்பாட்டுக்கு அப்புறம், இன்னிக்கேன்னுட்டாரு."

மூன்றரை மணிக்குக் கதவு திறந்தது. தீர்ப்பு? அதற்கு இன்னும் மருத்துவர் வரணும், அதிகாரி வரணும், வாதம் நடக்கணும். இன்னும் எத்தனை வாய்தாவோ, யார் கண்டது! அந்த வயிற்றெரிச்சல் தனியாக இருக்கட்டும். ஆனால் கொசு இனிமேல் இந்தப் படி ஏற வேண்டியதில்லை.

எல்லோரும் போன பிறகு அக்காவும் தம்பியும் தட்டியைக் கட்டுகளிலிருந்து கீழே இறக்கிவைத்தார்கள். அம்மா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். கொசு மட்டும் திரும்பி உள்ளே வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"ஆன்ட்டி, என்னோடதை நானே அழிக்கட்டுமா?"

அக்கா துணியை நீட்டினார். அது பாதி காய்ந்திருந்தது. கொசு அதைக் குடிதண்ணீர்க் குழாயில் நனைத்துக்கொண்டு வந்து ஏழாவது கோட்டில் ஆரம்பித்தாள். ஆறு, ஐந்து, நாலு என்று சரசரவென்று துடைத்துக்கொண்டே கீழே வந்தாள். முதல் கோடு அவள் வயிற்றுக்கு நேராக இருந்தது. பக்கத்தில் அக்காவின் கோணல் கொசு. அங்கே வந்ததும் கை நின்றுவிட்டது.

முழங்காலை மடக்கினாள். முதுகை வளைத்தாள். போதவில்லை. இன்னும் கொஞ்சம் சரிந்து, கண்ணை அந்தக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து வலது, இடது, மேல், கீழ் பார்த்தாள். அப்புறம் ஈரத்துணியை அதன் மேல் வைத்து அழுத்தித் தேய்த்தாள்.